சைடு எஃபெக்ட் இல்லாத தூக்க மருந்து

"பாப்பா, சைடு எஃபெக்ட் இல்லாம தூக்கத்துக்கு ஏதாவது இருக்கா?"

கும்பகோணத்தில் எங்கள் மருந்துக்கடைக்கு இந்தக் கேள்வி வராத வாரம் கிடையாது. முன்பெல்லாம் கேட்பவர்கள் அறுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். இப்போது ராத்திரி இரண்டு மணிவரை லேப்டாப்பும் கையுமாக இருக்கும் பிள்ளைகளும் வந்து கேட்கிறார்கள். தூக்க மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு வேண்டும் என்பேன். அல்பிரசோலம், டயசிபாம், ஜோல்பிடெம் எல்லாம் ஹெச்1 அட்டவணையில், அதாவது சட்டம் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கும் மருந்துகளின் பட்டியலில், வருகிறவை. எழுதிய டாக்டர் யார், வாங்குகிறவர் யார், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் முகம் கொஞ்சம் சுருங்கும். "அப்ப வேணாம்மா, நாட்டு மருந்தே வாங்கிக்கிறேன். அது ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு நாலு கடை தள்ளியிருக்கும் நாட்டு மருந்துக் கடைக்கு நடப்பார்கள். அங்கே சீட்டும் கேட்க மாட்டார்கள், பதிவேடும் கிடையாது.

ஒன்றும் பண்ணாதென்றால் எதற்காக வாங்க வேண்டும்? தூங்கவைக்கும் அளவுக்கு மூளையில் வேலை செய்கிற ஒரு பொருள், போகிற வழியில் கல்லீரலையும் தைராய்டையும் இரத்த அழுத்தத்தையும் தொடாமலே போய்விடும் என்று எந்த நம்பிக்கையில் சொல்கிறோம்? நான் நாட்டு மருந்துக்கு எதிரி இல்லை. சுக்கும் திப்பிலியும் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் உண்டு. நம் தாத்தா பாட்டி சாப்பிட்டது பாதுகாப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு அவர்கள் சாப்பிட்ட அளவோடும், சேர்மானத்தோடும், சாப்பிட்ட நாட்களோடும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட வைத்தியரோடும் சேர்ந்து வந்தது. இப்போது டப்பாவில் மருந்தின் பெயர் மட்டும்தான் வருகிறது.

தூக்கத்துக்கு என்று இன்றைக்கு அதிகம் விற்பது அமுக்கராதான். விளம்பரத்தில் அஸ்வகந்தா. இதற்குத் தூக்க விஷயத்தில் ஓரளவு ஆதாரம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2021-ல் ஐந்து மருத்துவ ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் சிறிய அளவில், ஆனால் உண்மையான முன்னேற்றம் தெரிந்தது. நாளுக்கு 600 மில்லிகிராமும் அதற்கு மேலும், எட்டு வாரமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. எட்டு வாரம் என்பதைக் கவனியுங்கள். இன்று ராத்திரி விழுங்கி இன்றே தூங்குகிற சமாசாரம் இல்லை அது.

சரி, பழைய அமுக்கரா சூரணத்தில் என்ன இருக்கிறது? சித்த மருத்துவக் கணக்கு அழகானது. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரண்டு மடங்கு. கூட்டிப் பார்த்தால் மொத்தத்தில் கால்வாசிதான் அமுக்கராக் கிழங்கு. பாதி சர்க்கரை! அமுக்கராவையும் அப்படியே இடித்துப் போடுவதில்லை; பாலின் ஆவியில் பிட்டுப்போல அவித்து, உலர்த்தி, சுத்தி செய்த பிறகுதான் சேர்ப்பார்கள். இதில் ஒரு கிராமோ இரண்டு கிராமோ பாலில் கலந்து குடித்தால், உள்ளே போகிற கிழங்கு கால் கிராமிலிருந்து அரை கிராம். எத்தனை நாள் என்பதற்கும் மண்டலக் கணக்கு உண்டு. முடிந்ததும் நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது ஆன்லைனில் வரும் கேப்ஸ்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது கிழங்குப் பொடி இல்லை, சாறு இறக்கிச் செறிவாக்கியது. அதே எடைப் பொடியில் இருப்பதைவிடப் பல மடங்கு வித்தனோலைடுகள், அதாவது அமுக்கராவில் வேலை செய்கிற பொருட்கள், அதில் இருக்கும். பால் கிடையாது, நாள் கணக்கும் கிடையாது. மாதா மாதம் தானாக வீட்டுக்கு வந்து சேரும்படி சந்தா கட்டியிருக்கிறார்கள். இது பாட்டி வைத்தியம் என்றால் பாட்டி சிரிப்பாள்.

கல்லீரல் விஷயத்துக்கு வருகிறேன். அஸ்வகந்தா எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஐந்து பேரைப் பற்றி 2020-ல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் சேர்ந்து எழுதினார்கள். எடுக்க ஆரம்பித்து இரண்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மஞ்சள் காமாலையும் தாங்க முடியாத அரிப்பும் வந்தன. நிறுத்திய பிறகு எல்லோருக்கும் சரியானது, ஆனால் சிலருக்கு அதற்கு மாதக் கணக்கானது. வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடலாம் என்றால், 2023-ல் இந்திய மருத்துவர்களே இங்குள்ள நோயாளிகளைப் பற்றி அப்படி ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் ஏற்கனவே கல்லீரல் நோய் இருந்தவர்களில் சிலர் இறந்தும் போயிருந்தார்கள். அதே வருடம் டென்மார்க் அஸ்வகந்தா விற்பனையையே தடை செய்தது.

இதைச் சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வருவார்கள். ஒரு பக்கம் "விஷம், விஷம்" என்பார்கள். இன்னொரு பக்கம் "மருந்துக் கம்பெனிகளின் சதி" என்பார்கள். லட்சக்கணக்கானவர்கள் எடுக்கிறார்கள், பாதிக்கப்படுகிறவர்கள் மிகக் குறைவு. டென்மார்க் செய்தது அதிகப்படி என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் அந்தக் குறைவான பேரில் நீங்கள் இருப்பீர்களா என்பது முன்கூட்டியே தெரியாது. அதனால் ஆரம்பித்த சில வாரங்களில் காரணமில்லாமல் அரித்தாலோ, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, சாப்பாடே பிடிக்காமல் போனாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே கேப்ஸ்யூலையும் விடாமல் விழுங்குகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. வழக்கமாகக் குடிப்பவர்களும், கல்லீரலில் கொழுப்பு, சிரோசிஸ் என்று சொல்லப்பட்டவர்களும் இதை டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

இலைப் பிரச்சினை வேறு இருக்கிறது. மருந்து என்று நம் நூல்கள் சொல்வது கிழங்கை. வெளிநாட்டு ஆர்டர் பெருகியதும் மலிவாகக் கிடைக்கும் இலையையும் சேர்த்துச் சாறு இறக்க ஆரம்பித்தார்கள். இலையில் வித்தஃபெரின் ஏ என்கிற, செல்களைக் கொல்லும் தன்மையுள்ள பொருள் அதிகம். 2021-ல் ஆயுஷ் அமைச்சகமே இலையைத் தவிர்க்கும்படி உற்பத்தியாளர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. டப்பாவைத் திருப்பி, எந்தப் பாகம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாகத்தைச் சொல்லாத டப்பாவை நான் எங்கள் கடையில் வைப்பதில்லை.

தைராய்டுக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம். காலையில் தைராக்சின் மாத்திரை, இரவில் அஸ்வகந்தா என்று எடுத்தால் படபடப்பும் வியர்வையும் சேர்ந்து வரும். முக்கியமாகத் தூக்கம் போகும்! தூக்கம் வர எடுத்ததே தூக்கத்தைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும்.

மூலிகை என்றால் மென்மையானது என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது சர்ப்பகந்தாவின் கதையை. தமிழில் சிவன் அமல்பொடி என்றும் சொல்வார்கள். பீகாரில் இதைப் பைத்தியத்துக்கான மருந்து என்றே அழைத்தார்கள். 1931-ல் சென், போஸ் என்ற இரண்டு கல்கத்தா மருத்துவர்கள் மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் இது கேட்கிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் தன் நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தில் சிபா கம்பெனி வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. அதற்கப்புறம் பல வருடங்கள் அது ஆங்கில மருத்துவத்தின் முக்கியமான மாத்திரை. பிறகு ஏன் ஒதுங்கியது? எடுத்தவர்களில் ஒரு பகுதியினரைக் கடுமையான மனச்சோர்வு பிடித்துக்கொண்டது. மூக்கடைப்பும் தலைசுற்றலும் வேறு. அதைவிடத் தொந்தரவு குறைந்த மாத்திரைகள் வந்ததும் டாக்டர்கள் அவற்றுக்கு மாறிவிட்டார்கள்.

அதே வேரில் செய்த சர்ப்பகந்தா வடி என்ற மாத்திரை "தூக்கத்துக்கும் டென்ஷனுக்கும்" என்று இன்றும் விற்கிறது. பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துக்கொண்டால் ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கி விழலாம். வயதானவர்களுக்கு அது இடுப்பெலும்பு முறிவில் போய் முடியும். மனச்சோர்வால்தான் தூக்கம் போயிருக்கிறது என்றால், அந்தச் சோர்வையே ஆழப்படுத்தக்கூடிய மருந்து இது. அனுபவமுள்ள ஆயுர்வேத, சித்த மருத்துவர்கள் இதைக் கேட்டுப் பார்த்துத்தான் தருவார்கள். அவர்கள் எழுதாமல் வாங்குவதுதான் பிரச்சினை.

தூக்கத்துக்கு என்று விற்கும் இன்னொரு மூலிகையான சடாமாஞ்சில் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இமயமலையில் விளையும் அந்தச் செடி அழிவின் விளிம்பில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்டது. அரிய சரக்கு, விலையும் ஏறிப்போனது. மலிவு விலையில் ஒரு டப்பா நிறையச் சடாமாஞ்சில் பொடி கிடைக்கிறதென்றால் உள்ளே இருப்பது என்ன என்று யோசியுங்கள்.

அடுக்களைச் சரக்குக்கு வருவோம். பாலில் ஒரு சிட்டிகை ஜாதிக்காய்ப் பொடி, கொஞ்சம் கசகசா அரைத்துவிட்ட பால். பெரியவர்களுக்கு அந்த அளவில் பயமில்லை. ஆனால் ஒரு சிட்டிகையில் தூக்கம் வரவில்லை என்று அளவைக் கூட்டுகிறவர்கள் உண்டு. ஜாதிக்காயில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. ஐந்து கிராமுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட ஒரு முழுக் காய் உள்ளே போனால், சில மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்கள்.

கசகசா அபினிச் செடியின் விதை. விதைக்குள் போதை கிடையாது. அறுவடையின்போது காயின் பால் மேலே ஒட்டிக்கொள்வதுதான். குருமாவுக்கு வறுத்து அரைப்பதில் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் கழுவாத விதையை நிறையப் போட்டு ஊறவைத்து வடிகட்டிக் குடிக்கும் பழக்கத்தால் வெளிநாடுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். பிள்ளையைப் பார்க்கப் போகிற அம்மாக்கள் மசாலாப் பொட்டலத்தோடு இதையும் பெட்டியில் வைத்துவிடாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கோபக்காரி. ராத்திரி அழுகிற கைக்குழந்தைக்கு ஜாதிக்காயை உரைகல்லில் இழைத்துக் கொடுப்பதும், கசகசாப் பால் கொடுப்பதும், அதையும் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும் இன்னும் நடக்கிறது. பெரியவர்களுக்குச் சிட்டிகை என்பது மூன்று கிலோ குழந்தைக்குச் சிட்டிகை இல்லை. கல்லில் இத்தனை இழைப்பு இழைத்தால் இத்தனை மில்லிகிராம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கொடிய நோய் வரலாம். குழந்தை துவண்டு போய், மூச்சே நின்றுபோகும் அளவுக்குப் போகும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் உரைகல்லைத் தேடுகிறோம். குழந்தை அழாமல் தூங்கிவிட்டதென்றால் எல்லோருக்கும் நிம்மதிதான். அந்தத் தூக்கம் இயல்பானதா, மயக்கமா என்று யார் பார்ப்பது?

இதுவரை சொன்னதெல்லாம் டப்பாவில் எழுதியிருப்பதே உள்ளே இருந்தால். இல்லாவிட்டால்? 1998-ல் அமெரிக்காவில் 'ஸ்லீப்பிங் புத்தா' என்ற பெயரில் மூலிகைத் தூக்க மருந்து ஒன்று விற்றது. சோதித்தால் உள்ளே எஸ்டசோலம். நம் அல்பிரசோலத்தின் உறவுக்கார மாத்திரை. அதற்கு முன் 1993-ல் 'ஜின் பூ ஹுவான்' என்ற சீன மாத்திரையைத் தெரியாமல் விழுங்கிய மூன்று குழந்தைகளுக்கு மூச்சும் இதயத் துடிப்பும் மந்தமாகிப் போயின. வலிக்கும் தூக்கமின்மைக்கும் என்று விற்கப்பட்டது அது. லேபிளில் போட்டிருந்த செடி ஒன்று, உள்ளே இருந்த சத்து வேறொன்று. நம் பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. 2004-ல் பாஸ்டன் நகரத் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது.

அதனால் யாராவது "ஒரு பொடி வாங்கினேன், முதல் நாளே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்" என்று சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். மூலிகை அப்படி முதல் நாளே சாய்க்காது. லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பொட்டலம், திருவிழாக் கூட்டத்தில் வாங்கியது, வாட்ஸ்அப் எண்ணில் ஆர்டர் செய்தது இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். சித்த மருந்தென்றால் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, சேர்மானம் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் பதினான்கு இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் மட்டும் இருந்தால் சட்டப்படி அது உணவுப் பொருள். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை கிடையாது. உரிமம் இருப்பதாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. பழைய நூலில் உள்ளபடியே செய்த மருந்துக்குத் தனியாகப் பாதுகாப்பு ஆய்வு செய்து காட்ட வேண்டும் என்று நம் சட்டம் கேட்பதில்லை.

நான் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிற ஆபத்துகளில் பெரியது மூலிகையே இல்லை, மூலிகைக்கு மாறும் விதம். வருடக் கணக்கில் அல்பிரசோலம் போட்டவர் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "இன்னியிலிருந்து இங்கிலீஷ் மருந்து வேணாம்" என்று ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் பொடிக்கு மாறுவார். கை நடுக்கம், வியர்வை, பயம், சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். அந்த மாத்திரையை டாக்டர் சொல்லி, வாரக் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இன்னொரு ரகம், இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள். அதற்கு மேல் ஒரு குவார்ட்டரும் உண்டென்றால் மூச்சு மந்தமாகிவிடும். சூரணத்தில் இருக்கும் மிளகு, திப்பிலிக்கும் ஒரு வேலை உண்டு: வலிப்புக்கான பெனிடாயின், பிபிக்கான புரோப்ரனலால் போன்ற மாத்திரைகள் இரத்தத்தில் ஏறும் அளவை அவற்றிலுள்ள பைப்பரின் கூட்டும். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அறுவை சிகிச்சை வைத்திருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மூலிகையைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டால் நம் ஆட்கள் சூரணத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று, திடுக்கென்று விழிப்பவர்கள் எந்தத் தூக்க மருந்தையும் தேடுவதற்கு முன் அதைக் காட்டிச் சோதிக்க வேண்டும். பகலெல்லாம் கண் சொக்கும் இவர்களை மருந்து கொடுத்து இன்னும் ஆழமாக அமுக்குவது தப்பு.

2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை இல்லை, பழக்க மாற்றச் சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டது. கும்பகோணத்தில் அதற்கு ஆள் தேடுவது கஷ்டம். ஆனால் அதன் பாதி விஷயம் வீட்டிலேயே செய்யக்கூடியது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருப்பது, மதியத் தூக்கத்தை விடுவது, இருபது நிமிடம் புரண்டும் வரவில்லையென்றால் படுக்கையைவிட்டு எழுந்து வேறு அறையில் உட்கார்வது. அப்புறம் காபி. ஒரு டம்ளர் காபியின் காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் பக்கம் ஆகும். டிகிரி காபி ஊரில் இருந்துகொண்டு ஆறு மணிக் காபியை விடுங்கள் என்று சொன்னால் அடிக்க வருகிறார்கள், அது வேறு கதை.

எங்கள் அத்தைக்கும் தூக்கமில்லை. சர்க்கரை, பிபி இரண்டும் உண்டு. யாரோ சொல்லி அமுக்கரா சூரணத்தை ராத்திரிப் பாலில் கலந்து குடிக்க ஆரம்பித்திருந்தாள். பாதி சர்க்கரை என்று சொன்னதும் அதிர்ந்து போனாள். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தால், காலையில் போட வேண்டிய நீர் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் கோயிலுக்குப் போகும்போது தொந்தரவாக இருக்கிறதாம், அதனால் அவளாகவே மாற்றிக்கொண்டது. ராத்திரி மூன்று தடவை எழுந்தால் எங்கே தூங்குவது? டாக்டரிடம் சொல்லி மறுபடி காலைக்கே மாற்றினோம். சூரணத்துக்குப் பதில் சித்த மருத்துவப் பிரிவு டாக்டர் சர்க்கரை சேராத கிழங்குப் பொடியைக் கொஞ்சமாகக் கொடுத்து, நாள் கணக்கும் சொல்லி, கல்லீரல் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். இப்போது நன்றாகத் தூங்குகிறாள். தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம், "அந்தப் பொடிதாண்டி கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர்கள் நேராக எங்கள் கடைக்கு வந்து அந்தப் பொடியைக் கேட்கிறார்கள். நான் முதலில் அவர்களுடைய மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்கிறேன்.